கத்தியும் கதிரும்



சரித்திரம் என்றவுடன் உங்கள் கண்முன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் வந்து நிற்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றை வகுப்பறையில் கற்பித்தவன் நான். அவற்றைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆயினும் இன்று நான் கூறப்போவது வேறொரு சரித்திரம். மருத்துவர் சிலர், பௌதிக அறிஞர் சிலர், பெயர் அறியப்படாத பெண்கள் பல்லாயிரவர் ஆகியோரே இதன் பாத்திரங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்த பின் கதிர் சிகிச்சை வேண்டுமா, வேண்டுமாயின் எவ்வளவு வேண்டும் என்பதே இவர்கள் நூறாண்டுக் காலம் ஆராய்ந்த வினா.

இந்த வினா என்னிடம் வந்து சேர்ந்த வகையை முதலில் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை என் பழைய மாணவி ஒருத்தி வீடு தேடி வந்தாள். ஆசிரியப் பயிற்சி முடித்து வந்து நான் முதன்முதலாகப் பாடம் நடத்திய வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்திருந்தவள். இப்போது அவளுக்கு வயது 54. அவளும் ஓர் ஆசிரியை. மார்பகத்தில் நோயின் தொடக்க நிலை ஒன்று எக்ஸ்ரே படத்தில் தென்பட்டதாகவும், அந்தப் பகுதியை மட்டும் அறுத்து நீக்கியதாகவும், புண் ஆறிவிட்டதாகவும் கூறினாள். பிறகு கையிலிருந்த மருத்துவமனைக் கோப்பை மேசைமீது வைத்தாள்.

“ஐயா, கதிர் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்கிறார் டாக்டர். செய்துகொள்ளாமலும் இருக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்கிறார். நோய் இருந்தால் செய்தே ஆகவேண்டும் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். உயிர்க் காரியத்தில் ‘லாம்’ உண்டா ஐயா?” என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் வகுப்பில் சொல்லக் கூடாது என்பது பயிற்சிக் கல்லூரியில் நான் கற்ற முதற்பாடம். “அம்மா, பத்து நாள் அவகாசம் கொடு, படித்துப் பார்க்கிறேன்” என்றேன். படித்தேன். மருத்துவராகிவிட்ட மற்றொரு மாணவரிடம் என் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தேன். அந்த ‘லாம்’ எப்படிப் பிறந்தது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் நோயின் தன்மையை அறிவோம். மார்பகத்தில் பால் சுரக்கும் சிறு மடல்களும், பாலைக் காம்புக்குக் கொண்டுவரும் நுண்குழல்களும் உள்ளன. அக்குழலின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் உயிரணுக்கள் சில வேளைகளில் அளவின்றிப் பெருகுகின்றன. அவை குழலின் சுவரைப் பிளந்து வெளியேறினால், அது பரவும் புற்று. சுவருக்குள்ளேயே அடங்கி நின்றால், அது பரவாத புற்று. வாய்க்காலில் பாசி மண்டியிருக்கிறது, கரை உடையவில்லை என்று சொன்னால் உங்களுக்கு எளிதில் விளங்கும். பிறந்த இடத்திலேயே தங்கிய புற்று என்னும் இந்தக் கருத்துக்கு 1932-இல் பெயர் சூட்டியவர் அமெரிக்க நோய்க்கூறு அறிஞர் பிராடர்ஸ். இவ்வகையில் சில காலப்போக்கில் கரையை உடைக்கும். சில ஆயுள் முழுவதும் உடைக்காமலே கிடக்கும். எது உடைக்கும், எது உடைக்காது என்று உறுதியாகச் சொல்லும் கருவி இன்றும் இல்லை. சங்கடம் அனைத்தும் இதிலிருந்தே தொடங்குகிறது.

இனி, சரித்திரத்துக்கு வருவோம். 1894-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர் தாம் சிகிச்சை செய்த 50 பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். மார்பகம் முழுவதையும், அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகளையும், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர நீக்குவது அவருடைய முறை. அறுத்த இடத்திலேயே நோய் மீண்டும் தோன்றுவது அதனால் வெகுவாகக் குறைந்தது. எனவே உலகம் அதனை ஏற்றது. எவ்வளவு அதிகம் அறுக்கிறோமோ அவ்வளவு நன்மை என்னும் நம்பிக்கை முக்கால் நூற்றாண்டு நிலைத்தது. உயிர் பிழைத்த பெண்கள் குழிந்த நெஞ்சுடனும் வீங்கிய கையுடனும் வாழ்ந்தனர். அவ்வளவு அறுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டவர் மிகச் சிலரே.

ஹால்ஸ்டெட்டின் அறிக்கைக்கு அடுத்த ஆண்டு, 1895 நவம்பர் 8-ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1896-இல் பாரிசில் பெக்கரல் யுரேனிய உப்புகளிலிருந்து தாமாகவே கதிர்கள் வெளிப்படுவதைக் கண்டார். 1898-இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்தனர். இக்கதிர்கள் உயிரணுக்களை, குறிப்பாக விரைந்து பெருகும் உயிரணுக்களை, அழிக்கவல்லவை என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அளவு தெரியவில்லை. மருத்துவர்களே தம் விரல்களை இழந்தனர். நோயாளிகளின் தோல் வெந்தது. ஒரே வேளையில் முழு அளவும் செலுத்தாமல், பல நாட்களுக்குப் பிரித்துச் செலுத்தினால் நோயணு அழியும், நல்ல அணு இடைவேளையில் தன்னைச் சீர்செய்துகொள்ளும் என்பதை 1920-களில் பாரிஸ் ரேடியம் நிலையத்தில் ரெகோவும் கூட்டார்டும் நிலைநாட்டினர். இன்று கதிர் சிகிச்சைக்கு ஒரு நோயாளி நாள்தோறும் சென்று வருவதற்குக் காரணம் இதுவே. செலுத்தும் அளவுக்கு இப்போது கிரே என்று பெயர். ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது ஒரு கிரே. பிரிட்டிஷ் பௌதிக அறிஞர் ஹெரால்ட் கிரேயின் நினைவாக 1975-இல் அப்பெயர் சூட்டப்பட்டது.

கத்தியின் வேலையைக் குறைத்து அதன் ஒரு பகுதியைக் கதிருக்குக் கொடுத்தால் என்ன என்று துணிந்தவர் லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் ஜெஃப்ரி கீன்ஸ். பொருளாதார அறிஞர் கீன்ஸை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவருடைய தம்பி இவர். 1920-களில் ரேடிய ஊசிகளை மார்பகத்தில் செருகிச் சிகிச்சை செய்யத் தொடங்கி, 1937-இல் தம் அனுபவத்தை வெளியிட்டார். கனடாவின் டொரான்டோ நகரில் வேரா பீட்டர்ஸ் என்னும் பெண் மருத்துவர், கட்டியை மட்டும் நீக்கிக் கதிர் செலுத்தப்பெற்றவர்கள் முழுமையாக அறுக்கப்பட்டவர்களுக்கு இணையாக வாழ்கிறார்கள் என்று 1967-இல் எழுதினார். இருவர் சொல்லும் பெரிதாக எடுபடவில்லை. எளிய நோயாளிகளைத் தேர்ந்தெடுத்துச் சிகிச்சை செய்திருப்பீர்கள் என்றனர் மற்றவர்கள். அந்த மறுப்பிலும் நியாயம் இருந்தது.

அந்த மறுப்புக்கு விடை கூறும் வழி ஒன்றே ஒன்று. இரு முறைகளில் எதை யாருக்குச் செய்வது என்பதை மருத்துவரும் தீர்மானிக்கக் கூடாது, நோயாளியும் தீர்மானிக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கல் தீர்மானிக்க வேண்டும். அப்போதுதான் இரு சாராரும் வயதாலும் நோயின் தன்மையாலும் ஏறத்தாழச் சமமாக அமைவார்கள். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பிரிட்டனில் இவ்வாறு சோதித்து 1948-இல் முடிவை வெளியிட்டனர். புற்றுநோயில் இதனைச் செய்ய மன உறுதி வேண்டும். தன் உடலின் விதியைக் குலுக்கலுக்கு விட எந்தப் பெண் சம்மதிப்பாள்? சம்மதித்தார்கள், மாணவர்களே.

இத்தாலியின் மிலான் நகரில் வெரோனேசி 1973 முதல் 1980 வரை 701 பெண்களை இவ்வாறு இரு சாராராகப் பிரித்தார். ஒரு சாராருக்கு ஹால்ஸ்டெட் முறை. மற்றவர்களுக்கு மார்பகத்தில் கால் பகுதியை மட்டும் நீக்கிக் கதிர் சிகிச்சை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த பெர்னார்டு ஃபிஷர் தலைமையில் ஒரு கூட்டு ஆய்வுக் குழு 1976-இல் மற்றொரு சோதனையைத் தொடங்கியது. அதில் முழு மார்பகத்தையும் நீக்கியவர்கள், கட்டியை மட்டும் நீக்கியவர்கள், கட்டியை நீக்கிக் கதிரும் செலுத்தியவர்கள் என மூன்று சாரார். இரு ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகளும் 2002-இல் வெளிவந்தன. வாழ்நாளில் எந்தச் சாராருக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் கட்டியை மட்டும் நீக்கியவர்களுள் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிரும் பெற்றவர்களுள் அது நூற்றுக்கு 14 பேருக்கே திரும்பியது.

இடையில் ஒரு களங்கமும் நேர்ந்தது. ஃபிஷரின் ஆய்வில் பங்கேற்ற கனடா மருத்துவமனை ஒன்றில் சில நோயாளிகளின் குறிப்புகள் பொய்யாகத் திருத்தப்பட்டிருந்தன என்பது 1994-இல் உலகறியத் தெரிந்தது. பெண்கள் கலங்கினர். அந்த மருத்துவமனையின் கணக்கை முற்றிலும் நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டு, 1995-இல் வெளியிட்டார்கள். முடிவு மாறவில்லை. ஒருவர் செய்த பொய்யால் ஆயிரக்கணக்கான பெண்களின் தியாகம் வீணாகியிருக்கக் கூடும். சோதனைச் சாலைக் குறிப்பேட்டில் ஓர் எண்ணைத் திருத்தத் தோன்றும்போது இதனை நினைவில் வையுங்கள்.

இது வரையில் நான் சொன்னது கரையை உடைத்த புற்றைப் பற்றி. கரைக்குள் அடங்கிய புற்றின் கதை சற்று வேடிக்கையானது. முன்பெல்லாம் அது அரிதாகவே காணப்பட்டது. கைக்குத் தட்டுப்படாத நோயை யார் காண்பார்? 1963-இல் நியூயார்க்கில் ஏறத்தாழ 62,000 பெண்களைக் கொண்டு, மார்பக எக்ஸ்ரே படத்தால் நோயை முன்னரே கண்டறியும் ஆய்வு தொடங்கியது. 1980-களில் அந்தப் பழக்கம் பரவியதும், படத்தில் உப்புத் தூவியதுபோல் தெரியும் நுண்ணிய சுண்ணப் புள்ளிகள் குழலுக்குள் மறைந்திருந்த புற்றைக் காட்டிக்கொடுத்தன. அரிதாக இருந்தது அடிக்கடி தென்படலாயிற்று. அப்போது ஒரு முரண்பாடு எழுந்தது. பரவும் புற்று உடைய பெண்ணுக்கு மார்பகத்தைக் காத்துச் சிகிச்சை செய்யலாம் என்பதற்குச் சான்று இருந்தது. பரவாத, சிறிய புற்று உடைய பெண்ணுக்கோ அத்தகைய சான்று இல்லாமையால் மார்பகம் முழுவதையும் நீக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய நோய்க்குச் சிறிய கத்தி, சிறிய நோய்க்குப் பெரிய கத்தி!

ஃபிஷரின் குழு 1985-இல் இதற்கெனத் தனிச் சோதனை தொடங்கியது. 818 பெண்கள் சேர்ந்தனர். எல்லோருக்கும் கட்டி நீக்கப்பட்டது. குலுக்கலில் வந்த ஒரு சாராருக்கு மட்டும் 50 கிரே கதிர். முதல் முடிவு 1993-இல் வந்தது. 12 ஆண்டு கழிந்தபோது, கதிர் பெறாதவர்களுள் நூற்றுக்கு 32 பேருக்கும், கதிர் பெற்றவர்களுள் நூற்றுக்கு 16 பேருக்கும் அதே மார்பகத்தில் நோய் திரும்பியிருந்தது. சரிபாதி. ஐரோப்பியக் கூட்டு ஆய்விலும், சுவீடனிலும், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இணைந்து நடத்திய ஆய்விலும் கதிரின் பயன் இதே திசையில்தான் தெரிந்தது. இந்த நான்கு ஆய்வுகளின் 3,729 பெண்களையும் ஒன்றாகக் கணக்கிட்ட தொகுப்பு 2010-இல் வெளிவந்தது. பத்தாண்டில் நோய் திரும்பியது, கதிர் இன்றி நூற்றுக்கு 28. கதிருடன் நூற்றுக்கு 13.

அதே தொகுப்பின் மறுபாதியையும் படிக்க வேண்டும். அப்பத்தாண்டில் மார்பகப் புற்றால் இறந்தவர் இரு சாராரிலும் மிகச் சிலரே. இரு சாராருக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. நோய் திரும்பியவர்களுக்கு மறுபடி சிகிச்சை கிடைத்தது. அவர்களுள் மிகப் பலர் பிழைத்தனர். எனினும் திரும்பி வரும் நோயில் ஏறத்தாழப் பாதி கரையை உடைத்த புற்றாகவே வருகிறது என்பதை மறக்கலாகாது.

மாணவர்களே, அந்த ‘லாம்’ பிறந்த இடம் இதுவே. கதிர் நோய் திரும்புவதைப் பாதியாக்குகிறது. ஆயுளை நீட்டியதாகக் கணக்கு காட்டவில்லை. ஆகவே மருத்துவர் கட்டளையிடுவதில்லை. அவர் அறியாமையால் தயங்குகிறார் என்று எண்ணாதீர்கள். கணக்கு தெரிந்தவர் என்பதால்தான் முடிவில் நோயாளிக்கும் பங்கு தருகிறார்.

பாதி என்ற சொல்லிலும் ஏமாறக் கூடாது. முப்பதில் பாதி பதினைந்து. நான்கில் பாதி இரண்டு. ஆபத்து யாருக்கு முப்பது, யாருக்கு நான்கு என்று பிரித்தறிய வேண்டும். உயிரணுக்களின் உருவம் எவ்வளவு கெட்டிருக்கிறது, கட்டி எவ்வளவு பெரியது, அறுத்த விளிம்பில் நோயற்ற திசு எவ்வளவு அகலம் இருக்கிறது, பெண்ணின் வயது என்ன என்பவை அதற்கு அளவுகோல். அமெரிக்காவில் தொடங்கிய ஓர் ஆய்வு ஆபத்துக் குறைந்தவர்களை மட்டும் சேர்த்தது. கட்டி இரண்டரை சென்டிமீட்டருக்குள், விளிம்பு 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பன போன்ற விதிகள். எதிர்பார்த்த எண்ணிக்கை சேராமல் 636 பேருடன் நின்றது. ஏழாண்டு முடிவில், கதிரின்றி நூற்றுக்கு 7 பேருக்குக்கூட நோய் திரும்பவில்லை. கதிருடன் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 15 ஆண்டு கழிந்தபோது அவ்வெண்கள் முறையே 15-ம் 7-ம் ஆயின. குறைந்த ஆபத்தும் ஆண்டுதோறும் மெல்ல வளர்கிறது. கதிரின் பயனும் கூடவே நிற்கிறது. 54 வயதுப் பெண்ணும் 80 வயதுப் பெண்ணும் இந்த எண்களை ஒரே வகையாகப் படிக்க முடியாது.

கதிர் வேண்டும் என்று முடிவு செய்தாலும் தேர்வு முடிவதில்லை. முன்பு 50 கிரேயை 25 நாட்களாகப் பிரித்து ஐந்து வாரம் செலுத்துவார்கள். 42.5 கிரேயை 16 நாட்களில் செலுத்தினாலும் போதுமா? கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் பிறகு 16 கிரே கூடுதலாகக் கொடுத்தால் பயன் உண்டா? ஆபத்து மிகக் குறைவு என்று சொல்ல முடியாத 1,608 பெண்கள் 11 நாடுகளிலிருந்து சேர்ந்த ஓர் ஆய்வு 2022-இல் இரண்டுக்கும் விடை தந்தது. 16 நாள் முறை 25 நாள் முறைக்கு ஐந்தாண்டு முடிவில் குறைந்ததாக இல்லை. கூடுதல் அளவு பெற்றவர்களுள் நூற்றுக்கு 97 பேருக்கும், பெறாதவர்களுள் 93 பேருக்கும் நோய் திரும்பவில்லை. ஆனால் கூடுதல் பெற்றவர்களுக்கு மார்பக வலியும் திசு இறுக்கமும் மிகுந்தன. மார்பகம் முழுவதற்கும் இன்றி ஒரு பகுதிக்கு மட்டும் கதிர் செலுத்தும் முறையையும் சோதித்தார்கள். 4,216 பெண்களைக் கொண்ட அமெரிக்க ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அவர்களுள் ஏறத்தாழ நாலில் ஒருவர் பரவாத புற்று உடையவர்கள். பத்தாண்டில் நோய் திரும்பியது பகுதிக் கதிரில் நூற்றுக்கு 4.6, முழுக் கதிரில் 3.9. முற்றிலும் சமம் என்று ஆய்வாளர் சொல்லவில்லை. வேறுபாடு சிறிது என்றனர்.

கதிருக்கு விலையும் உண்டு. சிகிச்சை நாட்களில் தோல் சிவக்கும், களைப்பு வரும். அவை பெரும்பாலும் ஆறிவிடும். இடப்புற மார்பகமாயின் அடியில் இதயம் இருக்கிறது. சுவீடன், டென்மார்க் நாடுகளின் பழைய நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கணக்கு, இதயத்தில் படும் கதிரின் அளவு கூடக் கூட மாரடைப்பு ஆபத்தும் கூடுகிறது என்று காட்டியது. அதனால் இன்று மூச்சை ஆழ இழுத்து நிறுத்தச் சொல்லி, இதயம் விலகி நிற்கும் வேளையில் கதிர் செலுத்தும் முறை வந்துள்ளது. மேலும், ஒரு முறை முழு அளவு பெற்ற மார்பகத்தில் நோய் திரும்பினால், பெரும்பாலும் மார்பகத்தையே நீக்க வேண்டி வருகிறது.

பத்து நாள் கழித்து மாணவி வந்தாள். நான் மருத்துவர் அல்லன். எது செய் என்று அவளிடம் சொல்லவில்லை. மருத்துவரிடம் கேட்க வேண்டிய நான்கு வினாக்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். என் நோயணுவின் தரம் என்ன? விளிம்பு எத்தனை மில்லிமீட்டர்? கதிர் இல்லாமல் என்னைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்குத் திரும்பும், கதிருடன் எத்தனை? என் இதயத்தில் எவ்வளவு படும்? அவள் அவற்றைக் கேட்டாள். நோயணுவின் தரம் நடுத்தரம். விளிம்போ ஓரிடத்தில் குறுகியது. அவளுக்கு முன்னால் இன்னும் முப்பது ஆண்டு வாழ்வு இருக்கலாம். 16 நாள் முறையைத் தேர்ந்தெடுத்தாள். அதே மருத்துவமனையில் அவளுடன் காத்திருந்த 78 வயது அம்மையார் ஒருவர் தம் கணக்கைக் கேட்டறிந்து, கதிர் வேண்டாம், ஆண்டுக்கொரு படம் போதும் என்று முடிவு செய்தாராம். இருவரும் தவறு செய்யவில்லை.

சிகிச்சை முடிந்த மறுநாள் அவள் இனிப்புப் பொட்டலத்துடன் வந்தாள். “ஐயா, அந்த 818 பேர் என்றீர்களே, அவர்கள் யார்?” என்று கேட்டாள். அவர்கள் பெயர் எங்கும் அச்சிடப்படவில்லை என்றேன். கதிர் கிடைக்காத சாராரில் விழுந்து நோய் திரும்பிய பெண்களும் அவர்களுள் இருந்தார்கள். தங்களுக்கு நன்மை கிடைக்கும் என்ற உறுதி இல்லாமலே, பின்னால் வரும் பெண்களுக்குக் கணக்கு தெரியட்டும் என்று கையெழுத்திட்டவர்கள் அவர்கள். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, மறுவாரம் தன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு நிகழ்தகவுப் பாடம் நடத்தப்போவதாகவும், இந்த ஆண்டு அதை நாணயத்தைச் சுண்டித் தொடங்கப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டு எழுந்தாள்.